குழைந்த மீன்

எங்கள் சந்தில் ஒரு பூனை இளைத்தால், ஏன் இளைத்தது என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக ஒருவர் வரமாட்டார். இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபம் இல்லாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும் சந்து எங்களுடையது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். என் கடைக்கு நேர் எதிரே முருகையன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே தகரம், வாசலைத் தாண்டினால் சந்து. அந்த வீட்டுச் சண்டை எதையும் நான் ஒட்டுக்கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அதுவே நடந்து வந்து என் கடைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

முருகையன் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். அவர் மனைவி தாயம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இறால் உரிப்பார். மகன் பாலு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பாலுவின் மனைவி மணிமொழி வேளச்சேரியிலிருந்து வந்தவள், தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கடையில் வேலை. இந்த நாலு பேரோடு ஐந்தாவதாக சங்கரா. பூனைதான். சங்கரா மீன் மாதிரி சிவந்து கிடந்ததால் முருகையன் வைத்த பெயர். பெற்ற பிள்ளையை அவர் கொஞ்சி நான் பார்த்ததில்லை. பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார். வெட்டுகிற மீனில் முதல் துண்டு அதற்கு என்று தனியே எடுத்து வைப்பார்.

அந்தப் பூனை ஆடி மாதத்தில் இளைக்க ஆரம்பித்தது. சாப்பிடாமல் இளைத்தால் புரிந்துகொள்ளலாம். இது வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் வை என்று காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. குப்பையில் கிடந்த செதிலைக்கூட விடவில்லை. ஆனால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. எண்ணெய் மிதக்கிற மாதிரி வெளுப்பாக, பொத பொதவென்று கழிந்தது. நாற்றம் என் கடை வரைக்கும் வரும். அதைத் துடைத்துத் துடைத்துக் கழுவியது மணிமொழி.

கண் பட்டிருக்கிறது என்றார்கள். புழு என்றார்கள். மார்க்கெட்டில் ஐஸ் உடைத்துப் போடும் துரைராஜ், "மருமவ வந்த வூட்டுல பூனை வாழாது" என்று ஒரு சட்டமே போட்டான். அப்படி ஒரு சட்டத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

கடைசியில் மணிமொழிதான் அரை நாள் லீவு போட்டு, மூடிபோட்ட காய்கறிக் கூடைக்குள் சங்கராவை உட்கார வைத்து, ஆட்டோ பிடித்து ராயப்பேட்டைப் பக்கம் இருக்கிற ஷண்முகப்ரியா டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவள் எல்லாருக்கும் விளக்கினாள்.

"கணையமாம் அத்தை. துன்றது செரிக்கணும்னா உள்ள ஒரு தண்ணி ஊறணுமாம். இதுக்கு அது ஊறவே இல்லியாம். அதான் எத்தினி துன்னாலும் அப்டியே வெளிய போவுது. வயிறு ரொம்பியும் பட்டினி."

"பூனைக்குக் கணையமா?" முருகையன் சிரித்தார். "நல்லா கீது. அடுத்து கண்ணாடி போடச் சொல்லுவா."

"சிரிக்காதீங்க மாமா. இப்டியே வுட்டா செத்துடும்னு சொன்னாங்க. இந்தா, இந்தத் தூளு. அது உள்ள ஊறாத தண்ணிக்குப் பதிலா இது. மீன ஆற வச்சு, முள்ளு எடுத்து, இதக் கலந்து கொஞ்ச நேரம் அப்டியே மூடி வைக்கணும். அப்புறம்தான் குடுக்கணும். கலந்ததுக்கு அப்புறம் சூடு காட்டவே கூடாது. சூடு பட்டா மருந்து செத்துடுமாம். வாரா வாரம் ஒரு ஊசியும் போடணும்."

"எத்தினி நாளைக்கு?" என்று தாயம்மா கேட்டார்.

"அது உயிரோட கீற வரைக்கும்."

தாயம்மா தலையை ஆட்டினார். பாலு போனைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். முருகையன் பீடியை அணைத்தார். சூடு காட்டக் கூடாது என்று அவள் சொன்னது எதிர்க்கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. ஒரு கை தூரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரும் என்னிடம் கதை விட வேண்டாம்.

அவள் சொன்னபடி செய்தாள். காலையும் மாலையும் மீனை வேகவைத்து, ஆறவிட்டு, விரலால் முள் பார்த்து, தூளைக் கலந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி வைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கவோ குளிக்கவோ போவாள். வந்து சங்கராவுக்கு வைப்பாள். பூனை தேறியது. கழிவது நின்று கட்டியாகப் போனது. கத்தல் குறைந்தது. ஒரு நாள் என் கடைப் பலகையில் ஏறித் தூங்கியது. அப்படித் தூங்கி அதற்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

அப்புறம் புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் மீன் மார்க்கெட் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பட்டணம் பெருமாளுக்காகக் கவுச்சியை விட்டுவிடும். வெட்டுக் கட்டைமேல் ஈ உட்கார்ந்திருக்கும். விடிகாலையில் போன முருகையன் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாத மனுஷன். குழாய் சொட்டினால் திட்டுவார், பாலு எழுந்திருக்காவிட்டால் திட்டுவார், யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அதற்கும் திட்டுவார். மணிமொழிக்கோ தீபாவளிப் புடவைகள் கடையில் மலையாகக் குவிந்துகிடந்தன. காலையில் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள்.

அப்படி ஒரு காலையில் முருகையன் கிண்ணத்து மூடியைத் திறந்து மீனை விரலால் அழுத்தினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மீன்காரர்களுக்கு விரல்தான் கண். அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் அது நேற்று மீன். பிசுபிசுத்துக் குழைந்தால் அது குப்பைக்கு. வேகவைத்த மீனையும் அப்படித்தான் பார்ப்பார்கள்: நல்ல மீன் வெந்தால் இதழ் இதழாகப் பிரியும், கெட்ட மீன் கூழாகும். இதில் முருகையன் விரல் தவறியதே கிடையாது. ஹோட்டல்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மீன் வாங்குவார்கள்.

கிண்ணத்தில் இருந்த மீன் கூழாக இருந்தது. வாடையும் மாறியிருந்தது.

"இன்னா பொண்ணு இது? கெட்டுப்போன மீனக் கலக்கி வச்சிக்கினு கீற?"

மணிமொழி ஈரத் தலையோடு வந்தாள். "நீங்க குடுத்த மீனுதான் மாமா. நேத்து நீங்கதான குடுத்தீங்க? மருந்து போட்டா அப்டித்தான் கொழையும்."

"எனக்கே மீனு சொல்லிக் குடுக்குறியா? முப்பது வருசமா மீனுல கைய வச்சிக்கினு கீறேன். கொழைஞ்ச மீனு கெட்ட மீனு. இத துன்னா மனுசனுக்கே பேதி புடுங்கும். நோவு வந்த ஜீவனுக்கு இதப் போடுறியே, கை கூசல?"

"மாமா, டாக்டரம்மாவே சொன்னாங்க, கொழகொழன்னு ஆவும்னு. நீங்க சூடு மட்டும்..."

"சரி, போ, போ. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாவல?"

அவ்வளவுதான் பேச்சு. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் முருகையன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பார். சொன்னது மருமகள். மருமகள் வாயிலிருந்து வந்தால் மருந்துச் சீட்டும் வாயாடித்தனம் ஆகிவிடும்.

மறுநாளிலிருந்து முருகையன் ரொம்ப நல்லவராகிவிட்டார். "நீ கலந்து வச்சிட்டு கெளம்பும்மா, நானே அதுக்கு வச்சிடறேன்" என்றார். சாயங்காலமும் அப்படித்தான். மணிமொழிக்கு அவ்வளவு சந்தோஷம். என் கடையைத் தாண்டும்போது நின்று சொல்லிவிட்டுப் போனாள்: "மாமாவுக்கு வாய்தாண்ணா அப்டி. சங்கரா மேல உசுரு."

உசுருதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

புரட்டாசியில் பத்து நாள் தாண்டுவதற்குள் சங்கரா மறுபடியும் இளைத்தது. முன்னைவிட மோசமாக. கழிச்சல் திரும்பியது. பின்னங்கால் தள்ளாடியது. வாசல்படி ஏறவே நின்று யோசித்தது. முருகையன் அதைப் பார்த்துப் பார்த்துப் பொங்கினார். அந்தப் பொங்கலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்று நான் அங்கே இருந்தேன். கவுச்சி விடாத பாதிப் பட்டணத்தில் நானும் ஒருவன். வெட்டுக் கட்டை முன்னால் வேலையில்லாமல் நின்ற கூட்டத்துக்கு நடுவே அவர் ஏலம் விடுகிற தொண்டையில் கத்தினார்:

"கெட்ட மீனப் போட்டே கொல்றா துரை! நல்ல மீனா நான் பாத்துப் பாத்துக் குடுக்குறேன், அத எங்க போடுறாளோ, நாறுன மீனக் கொயச்சு வைக்கிறா! மருந்துன்னு வாங்கியாந்தாளே, அத மெய்யாலுமே போடுறாளா இன்னான்னு யாருக்குத் தெரியும்? அது சாவணும்னு கீறா!"

துரைராஜ் ஐஸை விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து கேட்டான். அவனிடம் ஒன்று சொன்னால் போதும், தண்டோரா போடத் தேவையில்லை. மறுநாள் குழாயடியில் பெண்கள் மணிமொழிக்கு வழிவிட்டு நின்றார்கள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்: "ஏம்மா, வாயில்லாத ஜீவன் உனக்கு இன்னா பண்ணிச்சு?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பாலுவிடம் அழுதுகொண்டே கேட்டாள். அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. "நைனா அப்டித்தான் கத்தும். வுடு. நீ எதுக்குப் பெரிசு பண்ற?"

இவனையெல்லாம் என்ன செய்வது? நாள் முழுக்கச் சரக்கை ஏற்றி இறக்குகிறவன், ஒரு வார்த்தையை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறான்.

மணிமொழி மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய் வந்தாள். திரும்பி வரும்போது என் கடையில் கூடையை இறக்கினாள். உள்ளே சங்கரா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சூடு பண்றியான்னு கேட்டாங்கண்ணா. சத்தியமா இல்லன்னேன். அப்ப மருந்து டப்பா கெட்டுருக்கலாம், வெயில்ல இருந்துச்சோ இன்னாவோ, வேற வாங்குன்னாங்க. வாங்கிட்டேன். இதுலயும் தேறலன்னா ரொம்ப நாள் தாங்காதாம்." கூடை மூடியைச் சரிசெய்தாள். "எம்மேலயே எனக்கு டவுட்டா கீதுண்ணா. அளவு தப்பாப் போடுறனா? கை மறந்து போடாம வுட்டுட்டனா? தூக்கத்துல எந்திரிச்சு நெனச்சுப் பாக்குறேன்."

புது டப்பா வந்தும் பூனை தேறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் குழாயில் தண்ணி வரவில்லை. லாரியும் வரவில்லை. வழக்கமாக வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வருகிறவள், காலிக் குடத்தோடு உடனே திரும்பினாள். மஞ்சள் போட்ட மீன் கொதிக்கிற வாசனை கடையில் இருந்த எனக்கும் வந்தது. முருகையன் வீட்டில் ஏதோ குழம்பு என்றுதான் நினைத்தேன்.

குடம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னா மாமா பண்றீங்க?"

முருகையன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். சின்னச் சட்டியில் கிண்ணத்து மீன் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் நிதானமாகத்தான் சொன்னார், அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "பயப்படாத. நீ கெட்டத வச்சாலும் நான் அப்டியே வுட்டுருவனா? மஞ்சளு போட்டு நல்லா ஒரு கொதி வுட்டுத்தான் வைக்கிறேன். தெனம்."

"தெனமா?"

"ரெண்டு வேளையும். இல்லன்னா இந்நேரம் செத்திருக்கும்."

மணிமொழி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தாயம்மா பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

தாயம்மா முந்தானையைத் திருகினார். "பாத்தேன். சுடச்சுட வச்சா நல்லதுதானேன்னு... நோவு வந்தவங்களுக்கு ஆறிப்போனதயா குடுப்பாங்க?"

அப்புறம்தான் அவள் கத்தினாள். கத்தினது சந்து முழுக்கக் கேட்டது, எனக்கு அது போதவில்லை, இன்னும் கத்தட்டும் என்று இருந்தது.

"நான் சொன்னனா இல்லியா? இதே வாசல்ல குந்திக்கினு சொன்னனா இல்லியா? சூடு பட்டா மருந்து செத்துடும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நான் போடுறத நீங்க கொதிக்க வச்சுக் கொல்லுவீங்க, அப்புறம் நான் கொன்னேன்னு மார்க்கெட்ல போயிச் சொல்லுவீங்களா?"

"ஏய், மெதுவாப் பேசு! கொழைஞ்ச மீனு..."

"கொழையணும் மாமா! கொழையறதுக்குத்தான் அந்தத் தூளு!" அவள் சட்டியை இறக்கினாள். வேகவைத்த மீன் இன்னும் கொஞ்சம் மருந்து கலக்காமல் தனியே தட்டில் இருந்தது. அதில் முள் எடுத்து, தூளைத் தூவிக் கலந்து கிண்ணத்தில் போட்டு, அவர் கொதிக்க வைத்ததை இன்னொரு கிண்ணத்தில் போட்டு ஆறவிட்டு, இரண்டையும் வாசல்படியில் வைத்தாள். "இங்க குந்துங்க. அந்த வெரல எடுத்துக்கினு குந்துங்க."

முருகையன் குந்தினார். ஏன் குந்தினார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரலுக்கு நானே குந்தியிருப்பேன்.

குழாயடியிலிருந்து திரும்பிய பெண்கள் நின்றார்கள். வெயில் படிக்கு வந்தது. கொஞ்ச நேரம் போனதும் அவள் சொன்னாள், "இப்பப் பாருங்க."

அவர் முதலில் தன் கிண்ணத்தை அழுத்தினார். காலையில் கூழாக இருந்தது, கொதித்த பிறகு மேற்கொண்டு குழையாமல் அப்படியே கெட்டிப்பட்டுத் திட்டுத் திட்டாக நின்றது. மற்றதை அழுத்தினார். அவர் கண் எதிரே முள் எடுத்த நல்ல மீன், இதழ் இதழாக இருந்த மீன், விரல் பட்டதும் கரைந்து தண்ணிவிட்டது.

"இது கெட்டுடுச்சா மாமா? இப்பத்தான நீங்க பாத்தீங்க?"

அவர் விரலை முகர்ந்து பார்த்தார்.

"உங்க வயித்துக்குள்ள போற மீனும் இப்டித்தான் கொழையுது. உங்களுக்கு உள்ள நடக்குது, கண்ணுக்குத் தெரியல. சங்கராவுக்கு உள்ள நடக்காது. அதான் அதோட வயித்து வேலைய இந்தக் கிண்ணத்துல செய்யறோம். நீங்க தெனம் அத அடுப்புல வச்சுக் கொளுத்துனீங்க."

"எனக்கு இன்னா தெரியும்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியாதது தப்பில்ல மாமா. நான் சொன்னேன். கேக்கல. அதுதான் தப்பு."

தூள் கலந்த அந்தக் கிண்ணத்தை அவள் சங்கரா முன்னால் வைத்தாள். அது படுத்தபடியே நக்கியது. பிறகு முருகையனிடம், "இனிமே ரெண்டு வேளையும் நீங்கதான் கலக்கணும். கொழையற வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு பாக்கணும். கைய மட்டும் கட்டிக்கணும்" என்று சொல்லிவிட்டு, குளிக்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர் செய்தார். அதையும் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் செய்தார். நல்ல மீன் தன் கண் எதிரே கெடுவதை ஒரு மீன் வெட்டுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது லேசான காரியம் இல்லை. சில நாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். வாரத்து ஊசிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரே நடந்தார். சங்கரா மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தேறியது. பின்னங்கால் நிலைத்தது. படி ஏறியது. புரட்டாசி முடிகிறபோது என் கடைப் பலகைக்குத் திரும்பி வந்தது.

பூனை பிழைத்துவிட்டது, சரி. மணிமொழியின் பேர்? குழாயடியில் இன்னும் அவளுக்கு வழிவிட்டுத்தான் நின்றார்கள். வாசலில் நடந்ததைப் பார்த்தவர்கள் நாலு பேர், மார்க்கெட்டில் கேட்டவர்கள் ஊர். முருகையன் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூனைக்கு மீன் பிசைந்து வைப்பதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி முதல் ஞாயிறு. ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த பட்டணம் முழுக்க மீன் மார்க்கெட்டில் நின்றது. தரையெல்லாம் ஐஸ் தண்ணி. கத்திச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. முருகையன் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார், தாயம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் மணிமொழி கூடையோடு வந்து நின்றாள், சங்கராவுக்கு மீன் வாங்க.

துரைராஜ் ஐஸைக் கொட்டிவிட்டு முதுகை நிமிர்த்தினான். அவளைக் கவனிக்கவில்லை. "பூனை தேறிக்கிச்சாமே முருகா? நீ மட்டும் வூட்டுல இல்லன்னா வையி, மருமவ அத முடிச்சிருப்பா. பெரிய மனசுய்யா உனக்கு."

வரிசையில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முருகையன் அவளைப் பார்த்துவிட்டார். கத்தி நிற்கவில்லை. குனிந்தபடியே, "அதுக்கு நேரம் சரியில்ல, வுடு துரை" என்றார்.

மணிமொழி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். கூடையைக் கட்டை ஓரத்தில் வைத்தாள்.

"நேரமா மாமா?"

துரைராஜ் ஒரு அடி பின்னால் போனான். தாயம்மா எழுந்து அவள் கையைப் பிடித்தார். "வேணாம்மா. ஞாயித்துக்கெழமை கூட்டம். வூட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"மாமா வூட்டுல பேசலயே அத்தை. இங்கதான பேசுனாரு."

முருகையன் வெட்டின துண்டை ஓரமாகத் தள்ளினார். அடுத்த துண்டுக்குக் கத்தியை வைத்தார். மீனைப் பார்த்துக்கொண்டே, தாடிக்குள் முனகுகிற குரலில் சொன்னார்: "அவ மேல தப்பில்ல துரை. நான்தான் தெரியாம சூடு பண்ணிட்டேன்."

"வஞ்சிரத்துக்குக் கேட்டிருக்கும் மாமா. இவங்களுக்குக் கேக்கல. அன்னிக்கு சொன்னீங்களே ஒரு சத்தத்துல, அந்தச் சத்தத்துல சொல்லுங்க. தெரியாமன்னு சொல்லாதீங்க. நான் சொன்னேன்னும் சேத்துச் சொல்லுங்க."

வரிசையில் யாரோ, மீனைப் போடுய்யா என்றார்கள். நான் திரும்பி அந்த ஆளை வாயை மூடச் சொன்னேன்.

முருகையன் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். எழுந்தார். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது. கையை லுங்கியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வெட்கத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்தத் தொண்டையைத் திறந்தார்.

"கேட்டுக்கங்கடா எல்லாரும்! எம் மருமவ கெட்ட மீனு போடல! அவ நல்ல மீனுலதான் மருந்து கலந்து வச்சா! சூடு பண்ணாத, சூடு பண்ணாதன்னு எங்கிட்ட சொன்னா! நான் கேக்கல! நான்தான் அதக் கொதிக்க வச்சு அந்த ஜீவனக் கொல்லப் பாத்தேன்! அந்தப் பழிய அவ மேலப் போட்டேன்! அவ இல்ல! நான்!"

பக்கத்துக் கட்டைகளில் கத்தி நின்றது. துரைராஜ் காலடியில் இருந்த ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகையன் நின்றபடியே மூச்சு வாங்கினார். உட்காரலாமா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தார்.

மணிமொழி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கூடையை எடுத்து நீட்டினாள்.

"சங்கராவுக்கு மீனு போடுங்க" என்றாள்.